பக்கத்துக் கதிரையில் இருந்த வேலை

2025 ஆம் ஆண்டு தவக்காலத்தின் நடுவில் என்னை வேலையால் நிறுத்தினார்கள். காலையில் போய் வெல்டிங் முகக் கவசத்தை எடுக்கப் போனவனை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அமெரிக்கா கனடாவின் இரும்புக்கு வரி போட்டுவிட்டது, ஓடர் இல்லை, வெல்டிங் பகுதியை மூடுகிறோம் என்றார்கள். கை கொடுத்தார்கள். நல்ல வேலைக்காரன் என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

என் பெயர் மரியதாஸ். ஊர் மன்னார். கொழும்புத் துறைமுகத்தில் தொழில் பழகி, கட்டாரில் பல வருடம் நின்று, பிறகு ரொறன்ரோவுக்கு வந்தவன். நானாகக் களவாக வரவில்லை. கூப்பிட்டார்கள், வந்தேன். கனடாவில் திறமையான தொழிலாளிகளுக்குத் தட்டுப்பாடு, வெல்டர் வேண்டும், குழாய் வேலை தெரிந்தவன் வேண்டும் என்று கேட்டு, பரீட்சை வைத்து, தெரிவு செய்து எடுத்தார்கள். மனைவி ஜெசிந்தாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தேன். அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் நிலக்கீழ்ப் பகுதியில் குடியிருக்கிறோம்.

இந்த நாட்டுச் சட்டத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லும் இந்தச் சாட்சி விளங்காது. எனக்குத் தந்த வேலை அனுமதி ஒரு கொம்பனிக்கு மட்டும் உரியது. அந்தக் கொம்பனியில் வேலை போனால் வேறு எங்கும் வேலை செய்ய முடியாது. புது முதலாளி ஒருவர் அரசாங்கத்திடம் போய், இந்த வேலைக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் போட்டு நிரூபித்து, அனுமதி எடுத்துத் தர வேண்டும். அதை எல்.எம்.ஐ.ஏ. என்பார்கள். அது வந்த பிறகுதான் நான் விண்ணப்பிக்கலாம். அதுவும் என் பழைய அனுமதி முடிவதற்குள். என்னுடையது நவம்பர் கடைசியில், கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்கும்போது முடிய இருந்தது. ஜெசிந்தா முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை செய்தாள். அவளுடைய அனுமதியும் என்னுடையதில்தான் தொங்கியது. என்னுடையது போனால் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டியதுதான்.

திறமை என்னுடையது. அதைப் பாவிக்கிற உரிமை கொம்பனியுடையது. இப்படி ஒரு சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினானோ தெரியாது.

வானொலியைப் போட்டால் ஆள் இல்லை, ஆள் இல்லை என்று அழுகிறார்கள். வெல்டர் தேவை என்று பலகை வைத்த தொழிற்சாலைகளுக்கு நானே நேரில் போனேன். ஓர் இடத்தில் மேற்பார்வையாளர் நான் வெல்டிங் செய்து ஒட்டிக் காட்டியதைப் பார்த்துவிட்டு நாளைக்கே வா என்றார். என் அனுமதித் தாளைக் காட்டினேன். அவருடைய முகம் மாறிவிட்டது. அந்த வில்லங்கமெல்லாம் எங்களுக்கு வேண்டாம், நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு வா என்றார். நிரந்தர வதிவிடம் கேட்டால் வேலை அனுபவம் காட்டு என்கிறார்கள். வேலை கேட்டால் நிரந்தர வதிவிடம் காட்டு என்கிறார்கள். அதற்குள் பிறந்தநாள் வந்தால், நிரந்தர வதிவிடத்துக்கு எண்ணுகிற புள்ளிகளில் வயதுக்கானதையும் குறைத்துவிடுகிறார்கள். ஆங்கிலப் பரீட்சை வேறு. பிள்ளைகளுக்குப் பள்ளியில் சங்கீதம் கட்டாயமா என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். நான் குழாய் ஒட்டுகிறவன். சங்கீதத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்?

ஸ்காபரோவில் கடைத்தொகுதி ஒன்றின் மாடியில் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். காசு தந்தால் வேலைக் கடிதம் எடுத்துத் தருவேன் என்றார். என்ன வேலை என்று கேட்டேன். "தம்பி, கடிதத்திலை கொம்பனி இருக்கும். வேலைதான் இராது. நீர் அதைப் பற்றி யோசியாதையும்" என்று சிரித்தார். மேசையைத் தட்டிவிட்டு இறங்கி வந்தேன். நான் பெரிய நேர்மைசாலி என்று சொல்ல வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். பிறகு வீட்டில் இருந்து, அந்தக் கடிதத்தையாவது எடுத்திருக்கலாமோ என்றும் யோசித்தேன்.

இனி, எங்கள் சனம் செய்கிற ஒரு பிழையைச் சொல்கிறேன். உங்களில் பலரும் செய்கிறீர்கள்.

வேலை போன அன்றே ஜெசிந்தா எனக்குக் கட்டளை போட்டாள். "ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதேங்கோ. விசா அலுவல் கையிலை வருமட்டும் சொல்லக் கூடாது. கண்ணூறு பட்டால் ஒண்டும் சரிவராது" என்றாள். இது அவள் கண்டுபிடித்த வழக்கம் இல்லை. கனடாவில் எங்கள் ஆட்களில் யாருக்கு விசா விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது, யாருடையதை நிராகரித்தார்கள் என்று அவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குக்கூடத் தெரியாது. எல்லாம் முடிந்து, பிறகு கேக் வெட்டும்போதுதான் சொல்வார்கள்.

அதற்கு மேல் இன்னொன்று. எங்கே வேலை என்று யாராவது கேட்டால் எஞ்சினியரிங் பக்கம் என்றுதான் ஜெசிந்தா சொல்வாள். பொய் இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் என்னை எஞ்சினியர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் திருத்த மாட்டாள்.

எங்களுக்கு ஒரு செபக்கூட்டம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒவ்வொருவர் வீட்டிலும் மாறி மாறி நடக்கும். மன்னார், யாழ்ப்பாணம், தீவுப் பகுதிக் குடும்பங்கள். செபமாலை சொல்லி முடிந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டை, எதற்காகச் செபிக்க வேண்டும் என்ற கருத்தை, சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை. "எங்கட வீட்டிலை ஒரு தனிப்பட்ட கருத்து" என்பார்கள். அடுத்தவரும் அதையே சொல்வார். எல்லாருமாக ஆண்டவரே கேட்டருளும் என்போம். எதைக் கேட்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாது. பிறகு ரோல்ஸ் சாப்பிட்டு, ரீ குடித்து, காலநிலையைப் பற்றிக் கதைத்துவிட்டு வீட்டுக்குப் போவோம்.

தவக்காலம் முழுவதும், உயிர்த்த ஞாயிறு முடிந்தும், நானும் அதையே சொன்னேன். தனிப்பட்ட கருத்து. என் பக்கத்துக் கதிரையில் எப்போதும் ரீற்றா அன்ரி இருப்பா. வயது எழுபதுக்குக் கிட்ட. ரெக்ஸ்டேல் பக்கம் இருந்து வருகிறவ. அவவும் ஒவ்வொரு வெள்ளியும் தனிப்பட்ட கருத்து என்றே சொல்வா. சொல்லும்போது குரல் தளதளக்கும். நோய்க்காரர் யாரோ வீட்டில் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். கேட்கவில்லை. கேட்பது எங்களில் வழக்கம் இல்லை.

ஜூன் மாதத்துப் பெந்தெகொஸ்தே திருநாள் கிட்ட வந்தது. நான் களைத்துவிட்டேன். நித்திரை கொண்டு எழும்பினாலும் களைப்புத் தீரவில்லை. ஜெசிந்தா வேலைக்குப் போய்விடுவாள், மகள் பள்ளிக்குப் போய்விடுவாள், நான் அந்த நிலக்கீழ் அறையில் கையை மடியில் வைத்துக்கொண்டு இருப்பேன். செபம் வாயில் வரும், மனதில் ஏறாது. ஆண்டவர் கேட்கிறாரா என்ற சந்தேகம்கூட இல்லை. அவர் கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அது சந்தேகத்தை விட மோசம்.

அந்த வெள்ளி கூட்டம் சூசை அண்ணை வீட்டில் நடந்தது. அவர்தான் எங்களை நடத்துகிறவர். வழக்கம் போல வட்டமாக வந்தது. தனிப்பட்ட கருத்து. தனிப்பட்ட கருத்து. ரீற்றா அன்ரியும் தனிப்பட்ட கருத்து. பிறகு என் முறை. எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. எழும்பி நின்றுவிட்டேன்.

"எனக்குத் தனிப்பட்ட கருத்து ஒண்டும் இல்லை. எனக்கு வேலை போட்டுது. தவக்காலத்திலையே போட்டுது. நான் எஞ்சினியர் இல்லை, வெல்டர். புது முதலாளி கிடைக்காட்டி மூண்டு பேரும் ஊருக்குப் போகவேணும். இதுதான் என்ர கருத்து!"

ஜெசிந்தா என் சேர்ட்டைப் பிடித்து இழுத்தாள்.

சூசை அண்ணை கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, இரும். இது செபக்கூட்டம், யூனியன் கூட்டம் இல்லை."

"செபக்கூட்டம் எண்டால் என்னத்துக்குச் செபிக்கிறம் எண்டு தெரிய வேணுமே அண்ணை?"

"ஆண்டவருக்குத் தெரியும்."

"ஆண்டவருக்குத் தெரியும். உங்களுக்குத்தான் தெரியாது. அவர் என்ன, வானத்திலை இருந்து வந்து எனக்கு வெல்டிங் கடை திறக்கப் போறாரோ?"

கூடாத வார்த்தைதான். ஆனால் சொல்லிவிட்டேன். சூசை அண்ணை கண்ணாடியைத் திரும்பப் போட்டார். பிறகு என் பெயரைச் சொல்லி, வேலை என்ற சொல்லையும் சொல்லி, உரக்கச் செபித்தார். எல்லாரும் பதில் சொன்னார்கள். முதல் தடவையாக அந்தப் பதில் எனக்காகச் சொன்னது போல் இருந்தது. ரீற்றா அன்ரி மட்டும் வாய் திறக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் ஜெசிந்தா யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தாள். "ஊர் முழுக்கத் தந்தி அடிச்சுப்போட்டீங்கள். இனி என்ன, கோயில் வாசலிலை பலகை வைப்பமே?" என்றாள். பிறகு அழுதாள். அவள் அழுதது எனக்குப் பொறுக்கவில்லை. நான் செய்தது பிழை என்றுதான் அன்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலை தொலைபேசி அடித்தது. ரீற்றா அன்ரி.

"தம்பி, நீர் என்ன மாதிரி வெல்டிங்? கேற், கிறில் வேலையோ?"

"இல்லை அன்ரி. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல். மெல்லிய குழாய். பால், பழச்சாறு செய்யிற தொழிற்சாலையளுக்குப் போடுறது. உள்ளுக்கும் வழுவழுப்பாய் இருக்க வேணும்."

போனை எங்கேயோ போட்ட சத்தம் கேட்டது. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு தூரத்தில் அன்ரி கணவரைக் கூப்பிட்டுக் கத்துவது கேட்டது. "இஞ்சருங்கோ! இஞ்சருங்கோ! ஓடி வாருங்கோ! அந்தப் பெடியன் குழாய்க்காரனாம்!"

எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. அன்ரிக்கு நான் பெடியன்.

ரீற்றா அன்ரியின் கணவர் பேனாட் அங்கிள் ரெக்ஸ்டேலில் ஒரு பட்டறை நடத்துகிறார். சாப்பாட்டுத் தொழிற்சாலைகளுக்குக் குழாயும் பால் நிரப்பும் தாங்கியும் செய்கிற பட்டறை. அவரோடு நெடுங்காலம் நின்ற போர்த்துக்கீச வெல்டர் ஒருவர் ஓய்வு எடுத்துவிட்டார். அங்கே இருந்த மற்ற வெல்டருக்கு முதுகு போய்விட்டது. மெல்லிய குழாய் ஒட்ட ஆள் இல்லை. பெரிய ஓடர் ஒன்று கை நழுவிப் போகிற நிலை. அது போனால் பட்டறையை மூடுவது என்று அவர்கள் முடிவு எடுத்திருந்தார்கள். வெளியில் தெரிந்தால் பேனாட் விழுந்துவிட்டான் என்று சனம் கதைக்கும் என்று ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. அன்ரியின் தனிப்பட்ட கருத்து அதுதான். ஒரு வெல்டரைத் தாரும் ஆண்டவரே.

விளங்குகிறதா உங்களுக்கு? அவ என் பக்கத்தில் முழங்காலில் நின்று வெல்டரைக் கேட்டிருக்கிறா. நான் அவவின் பக்கத்தில் முழங்காலில் நின்று வேலையைக் கேட்டிருக்கிறேன். கிழமைக்குக் கிழமை. ஒரே நாளில், ஒரே அறையில். ஆண்டவர் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி வைத்துவிட்டுக் காத்திருந்திருக்கிறார். நாங்கள்தான் வாயைத் திறக்கவில்லை.

பேனாட் அங்கிள் பட்டறையில் என்னை ஒரு துண்டு ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். குழாய்க்குள் லைற் அடித்துப் பார்த்தார். விரலை விட்டுத் தடவினார்.

"திங்கள் வாரும்."

"வர ஏலாது அங்கிள். உங்களுக்கு முதல் அனுமதி வேணும்."

"நான் முப்பது வருசமாய் இந்த நாட்டுக்கு வரி கட்டுறன். எனக்கு ஆள் எடுக்க நான் ஆரைக் கேக்க வேணும்?"

"என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும்? எனக்கும் அதே கோபம்தான்."

அவர் சிரித்தார். "நல்லது. கோபக்காரர் ஒழுங்காய் ஒட்டுவினம். இருந்து ரீ குடியும். உங்கட செபக்கூட்ட ரீ மாதிரி இராது, அது வெறும் தண்ணி."

விளம்பரம் போட்டார்கள். கிழமைக்கணக்கில் போட வேண்டும் என்பது சட்டம். வந்தவர்களில் மெல்லிய குழாய் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வீட்டில் இருந்தே வேலை செய்யலாமா என்று கேட்டவரும் இருந்தார். பிறகு விண்ணப்பத்தை அனுப்பினார்கள். நாங்கள் எல்லாரும் முடிந்துவிட்டது என்று நினைத்தோம்.

முடியவில்லை. கோடை நடுவில் அது மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தது. விளம்பரத்தில் சம்பளம் போடவில்லை, அதனால் செல்லாது. நான் போய் அங்கிளைக் கேட்டேன், ஏன் போடவில்லை என்று. அவர் குழாய்த் துண்டு ஒன்றை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். அன்ரிதான் சொன்னா. "எங்கட ஆக்கள் பாத்தால் பேனாட் இவ்வளவு குடுக்கிறானோ எண்டு கதைப்பினம், எண்டு இவர் விட்டிட்டார்."

அன்றைக்கு எனக்குக் கத்தவும் பலம் இல்லை. அதே நோய். எனக்கு இருந்த அதே நோய் அவருக்கும். மறைத்து மறைத்து மூன்று பேரின் வாழ்க்கையையும் தன் பட்டறையையும் மண்ணில் போடப் பார்த்தார். திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும். விளம்பரம், காத்திருப்பு, விண்ணப்பம், காத்திருப்பு. நாட்கள் போதுமா என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை.

ஆவணியில் எங்கள் ஊர் மடு மாதாவின் திருவிழாவுக்கு எங்கள் ஆட்கள் ரொறன்ரோவுக்கு வடக்கே ஒரு திருத்தலத்துக்குப் பஸ் பிடித்துப் போவார்கள். நானும் போனேன். சனம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தது. நான் பாடவில்லை. மாதாவின் சுரூபத்துக்கு முன் நின்றபோது செபம் ஒன்றும் வரவில்லை. தாயே, களைத்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். ஓர் அதிசயமும் நடக்கவில்லை. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நித்திரை கொண்டேன். பல மாதத்துக்குப் பிறகு அதுதான் நல்ல நித்திரை. அதையும் நான் பதில் என்றே எண்ணுகிறேன். பெரிய பதில் வருமட்டும் மனிதன் விழாமல் நிற்க அதுவும் வேண்டும்.

அங்கிள் இந்த முறை சம்பளத்தைப் பச்சையாகப் போட்டார். அவர் பயந்தது போலவே சனம் கதைத்தது. பட்டறையில் வேறு வேலை செய்கிற இரண்டு பேர் எங்களுக்கும் கூட்டித் தாருங்கள் என்று கேட்டார்கள். கூட்டிக் கொடுத்தார். பட்டறை விழவில்லை.

நவம்பர் தொடக்கத்தில், சகல ஆன்மாக்கள் திருநாள் முடிந்த கிழமை அங்கிளுக்கு அனுமதி வந்தது. என் பழைய அனுமதி முடிய இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. அன்றே என் விண்ணப்பத்தை அனுப்பினோம். அனுப்பும் பொத்தானை ஜெசிந்தா அழுத்தினாள். வேலை தொடங்கலாம் என்ற பதில் கிறிஸ்மஸுக்கு முன்பே வந்தது. முதல் நாள் பட்டறையில் கவசத்தை இறக்கிக்கொண்டு, அதற்குள் அழுதேன். வெல்டருக்கு அது ஒரு வசதி.

இது தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். எனக்கு வாதாட நேரம் இல்லை. ரொறன்ரோவில் இத்தனை இலட்சம் சனத்துக்குள் என்னைத் தேடிய பட்டறைக்காரரின் மனைவியை என் பக்கத்துக் கதிரையில் கொண்டுவந்து இருத்தியது யார்? அரசாங்கத்தின் கணினி செய்யவில்லை. மாடியில் காசு கேட்டவர் செய்யவில்லை. ஆண்டவர் செய்தார். நான் வாய் திறப்பதற்கு முன்பே செய்துவிட்டார்.

சட்டம் மாறவில்லை. எத்தனையோ பேர் இன்றும் ஒரு கொம்பனியின் கயிற்றில் தொங்கிக்கொண்டு இருக்கிறார்கள். அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை, போகவும் வேண்டாம். ஆனால் நான் மாறிவிட்டேன். எங்கள் வெள்ளிக்கிழமையும் மாறிவிட்டது. இப்போது சூசை அண்ணை தனிப்பட்ட கருத்து என்று யாராவது சொன்னால், "என்ன கருத்து? வாயைத் திறந்து சொல்லும்" என்கிறார். ஒருவர் மகனின் குடியைச் சொன்னார். ஒரு தங்கச்சி தன் அகதி வழக்கு மறுக்கப்பட்டதைச் சொன்னா. சொன்ன உடனே எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் வழக்குக்கு மொழிபெயர்க்க ஒருவர் கை தூக்கினார். மகனைச் சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போக இன்னொருவர் கார் சாவியை எடுத்தார். ஆண்டவரின் கை அப்படித்தான் வருகிறது.

இதை வாசிக்கிற உங்களுக்கும் ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் கிடக்கும். கண்ணூறுக்குப் பயந்து மூடி வைத்திருப்பீர்கள். ஆண்டவரை நம்புகிறோம் என்கிறோம், பக்கத்து வீட்டுக்காரியின் கண்ணுக்குப் பயப்படுகிறோம். இது என்ன நம்பிக்கை? போய்ச் சொல்லுங்கள். நல்லவர் நாலு பேருக்கு முன்னால் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

என் நிரந்தர வதிவிடம் இன்னும் வரவில்லை. விண்ணப்பம் உள்ளே கிடக்கிறது. இந்தச் சாட்சியை அச்சுக்கு அனுப்பும் முன் ஜெசிந்தாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். "அது கையிலை வந்தாப் பிறகு எழுதலாமே?" என்றாள். தாளை முதலில் இருந்து திரும்ப வாசித்தாள். பிறகு, "சரி, அனுப்புங்கோ. என்ர பேரையும் போடுங்கோ" என்றாள்.

மரியதாஸ், வெல்டர். ஜெசிந்தா, சமையலறை வேலை. மகள் ஒன்று. எங்கள் கருத்து: நிரந்தர வதிவிடம். செபியுங்கள்.